பெயர்ப் பட்டியல் தந்த பெண்மணி



குளத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் மொண்டு வந்து, அங்கே என்ன மீன், என்ன தவளை வாழ்கிறது என்று வலை வீசாமலே சொல்ல முடியுமா? முடியும்! அவை விட்டுச்சென்ற சளி, செதில், கழிவு ஆகியவற்றின் டி.என்.ஏ. சில நாட்கள் தண்ணீரில் இருக்கும். அதை வடிகட்டி எடுத்து, எழுத்து வரிசையைப் படித்து, கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டால் பெயர் கிடைக்கும். வருடாவருடம் பார்த்தால், எந்த உயிரினம் புதிதாக வந்தது, எது காணாமல் போனது என்பதும் தெரியும். 2008-ல் பிரான்சில், அயல்நாட்டுத் தவளையான புல்ஃபிராக்கைக் குளத்து நீரை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

கம்ப்யூட்டர் பிரிவு மாணவனான எனக்கு ஒரு கேள்வி. இப்படிப்பட்ட பட்டியலை முதன்முதலில் தொகுத்தது யாரு? தேடியபோது கிடைத்த பெயர்தான் மார்கரெட் டேஹாஃப்.

1925-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தார். கணிதம் படித்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பஞ்ச் கார்டு எந்திரத்தை வைத்தே வேதியியல் கணக்குகளைப் போட்டு டாக்டர் பட்டம் வாங்கினார். 1962-ல் லெட்லி என்பவரோடு சேர்ந்து, புரதத்தின் துண்டுத் துண்டான வரிசைகளை ஒட்டி முழுசாக்கும் புரோகிராமை ஐ.பி.எம். 7090-க்கு எழுதினார். 1965-ல் 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் மூன்றெழுத்தில் எழுதினால் இடம் பிடிக்குமே! அதனால் ஒற்றை எழுத்துக் குறியீடு வகுத்தார். உலகமே இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறது. வரிசைகளை ஒப்பிட்டு உறவு காண 1978-ல் 'பாம்' அட்டவணைகளையும் தந்தார்.

அடுத்தவங்க கண்டுபிடித்ததைச் சேர்த்து வைப்பதெல்லாம் ஆராய்ச்சியா என்று அந்நாளில் பலர் நினைத்தார்கள். நிதிக்கு அலைய வேண்டியிருந்தது. 1982-ல் அமெரிக்க அரசின் டி.என்.ஏ. வங்கியை அமைக்கும் ஒப்பந்தத்துக்கு அவருடைய குழுவும் போட்டியிட்டது. கிடைக்கவில்லை. மறு வருடமே, 57 வயதில், மாரடைப்பால் காலமானார்.

ஆனால் அவர் போட்ட பாதை நின்றுபோகவில்லை. குளத்து நீரிலிருந்து எடுத்த வரிசையை இன்று ஒப்பிட்டுப் பார்ப்பது, அந்த ஒப்பந்தத்தால் உருவான ஜென்பேங்க் போன்ற வங்கிகளில்தான். அங்கே பதிவாகாத உயிரினம் தண்ணீரில் இருந்தாலும், கம்ப்யூட்டரால் அதன் பெயரைச் சொல்ல முடியாது. தவறான பெயரில் பதிந்திருந்தால், தவறான பெயரைத்தான் சொல்லும். இருக்கிற உயிர் இல்லை என்றாகிவிடும்; அழிந்தாலும் யாருக்கும் தெரியாது!

ஆகவே நண்பர்களே, டேட்டா என்ட்ரிதானே என்று எந்த வேலையையும் இளக்காரமாகப் பார்க்காதீர்கள். சரியாகப் பதிந்த ஒரு வரி, ஓர் உயிரினத்துக்கே சாட்சி!