நாணயம் காத்த சுல்தான்

‘நாணயம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே; சொன்ன சொல் தவறாமையும் நாணயமே. முன்னது பின்னதைச் சார்ந்தே நிற்கிறது என்பதற்குத் தில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் வாழ்வு தக்க சான்றாகும். முன்பின் எண்ணாத ஆணைக்கெல்லாம் அவர் பெயரைச் சூட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவர் தோலால் காசு அடித்தார் என்று நம்புவோரும் உளர். உண்மை அதுவன்று.

ஜூனா கான் என்பது அவரது இயற்பெயர். தந்தை கியாசுத்தீன் துக்ளக் அரியணை ஏறியபின் உலுக் கான் என்னும் பட்டம் பெற்றார். 1323இல் அவர் வாரங்கல்லை வென்றதையடுத்து, மதுரையும் மஅபர் என்னும் பெயரில் தில்லியின் மாகாணமாயிற்று. 1325இல் தந்தை மண்டபம் சரிந்து இறக்கவே, மகன் சுல்தானானார். அரபு, பாரசீகம், தருக்கம், கணிதம், மருத்துவம் ஆகியவற்றில் தேர்ந்தவர்; அழகிய கையெழுத்துக்குப் பெயர் பெற்றவர்.

அக்கலையுணர்வு அவர் காசுகளிலும் ஒளிர்ந்தது. எடை மிகுந்த பொற்காசையும், அத்லி என்னும் வெள்ளிக்காசையும் புதிதாக வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாணயவியல் அறிஞர் எட்வர்ட் தாமஸ் அவரைக் காசு அடித்தவர்களுள் தலையாயவராகப் போற்றினார்.

1327இல் தேவகிரியைத் தௌலதாபாத் எனப் பெயரிட்டு இரண்டாம் தலைநகராக்கியதும், குராசான் படையெடுப்புக்கெனப் பெரும்படை திரட்டியதும் கருவூலத்தை வற்றச் செய்தன. வெள்ளியும் அருகியது. சீனத்தில் குப்லாய் கான் முசுக்கட்டை மரப்பட்டையாலான தாளைப் பணமாக வழங்கச் செய்திருந்தார். பாரசீகத்தில் 1294இல் கைகாத்து கான் வெளியிட்ட தாள்பணத்தை வணிகர்கள் ஏற்க மறுத்தனர். இவ்விரு முன்மாதிரிகளும் இருக்க, 1329-30இல் சுல்தான் துணிந்தார். செம்பாலும் பித்தளையாலும் காசு அடித்து, அவற்றை வெள்ளித் தங்காவுக்கு ஈடாக ஏற்குமாறு ஆணையிட்டார். சுல்தானுக்குக் கீழ்ப்படிபவர் இறைவனுக்கே கீழ்ப்படிபவர் என்னும் கருத்தமைந்த வாசகத்தையும் அவற்றில் பொறிக்கச் செய்தார்.

ஆணை வலிமையாயினும் காவல் வலுவற்றிருந்தது. செம்பு எல்லார்க்கும் கிடைப்பது. அச்சோ எளிதில் போலி செய்யத்தக்கது. வீடுதோறும் அக்கசாலைகள் முளைத்தன என வரலாற்றாசிரியர் பரனி எழுதிவைத்துள்ளார். மக்கள் வரியைச் செம்பாகச் செலுத்தி, வெள்ளியைப் பதுக்கினர். அயல்நாட்டு வணிகர்கள் செம்பை ஏற்க மறுத்தனர்.

மூன்றாண்டுகளுக்குள் சுல்தான் தம் திட்டம் தோற்றதை உணர்ந்தார். அடுத்து அவர் செய்ததே நாம் மறந்த பகுதி. செப்புக்காசு கொண்டுவந்தோர்க்கெல்லாம் கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் மாற்றித் தரச் செய்தார். துக்ளகாபாதில் செப்புக்காசுகள் மலைபோல் குவிந்தன. காசு வீழ்ந்தது, சொல் வீழவில்லை.

எனினும் அவரைக் குறையற்றவர் என்று கூறுதல் வரலாறாகாது. அவர் விதித்த தண்டனைகள் கொடியவை. மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. அவற்றுள் முந்தியவற்றுள் ஒன்று நம் மதுரை. மஅபரின் ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்சன் 1330களின் நடுவில் தனியரசு நிறுவித் தம் பெயரில் காசு வெளியிட்டார். அவரை அடக்கப் புறப்பட்ட சுல்தானின் படை வாரங்கல்லில் கொள்ளைநோயால் அழிய, அவர் திரும்ப நேர்ந்தது. பாண்டியரின் கயல் பொறித்த மதுரையில் அரபு எழுத்துப் பொறித்த சிறு செப்புக்காசுகள் புழங்கலாயின. 1378 வரை நீடித்த அவ்வரசின் மன்னர் வரிசையை உறுதிசெய்ய இக்காசுகளே பெருந்துணை. பேரரசர் அடித்த செம்பு தோற்றது. கிளர்ந்தெழுந்தவர் அடித்த செம்பு வரலாற்றுக்குச் சான்றாயிற்று.

1351இல் சிந்துவின் தட்டாவுக்கு அருகே போர்முனையில் சுல்தான் நோயுற்று மறைந்தார். இன்று நம் பையிலுள்ள ரூபாய் நோட்டும் தாள்தான். அதற்கு மதிப்பளிப்பது அதில் அச்சிட்ட உறுதிமொழி. போலிக்கு எதிரான காவலும், மக்களின் நம்பிக்கையும் அவ்வுறுதிமொழியைத் தாங்குகின்றன. அவர் கருத்து பிழையன்று. காவல் இன்றி அதனைச் செயற்படுத்தியதே பிழை. பழங்காசு ஒன்று கைக்குக் கிட்டுமாயின், மாணவச் செல்வங்கள் அதன் உலோகத்தை மட்டும் உரசிப் பாராமல், அதற்குப் பின்நின்ற சொல்லையும் எண்ணிப் பார்ப்பார்களாக.