ஆங்கிலக் கால்வாயை வென்ற ஆரத்தி சாகா

பெண்ணாய்ப் பிறந்தவர்க்கு விளையாட்டுத் திடலில் வேலையில்லை என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. அக்காலத்திலேயே கடலை நீந்திக் கடந்து ஆசியாக் கண்டத்திற்கே பெருமை தேடித் தந்தவர் ஆரத்தி சாகா அம்மையார். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை மாணவச் செல்வங்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

ஆரத்தி 1940ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் கல்கத்தா நகரில் ஓர் எளிய நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டரை வயதிலேயே அன்னையை இழந்தார். பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்த அக்குழந்தை, நீராடச் சென்ற படித்துறையிலேயே நீந்தப் பழகிக்கொண்டது. மகளின் ஆர்வத்தைக் கண்ட தந்தையார் அவரை ஹட்கோலா நீச்சல் கழகத்தில் சேர்த்துவிட்டார். ஐந்து வயதிலேயே ஆரத்தி தங்கப் பதக்கம் வென்றார். 1951ஆம் ஆண்டு டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்ற சச்சின் நாக் அவருக்குப் பயிற்சியளித்தார்.

1952ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. 200 மீட்டர் மார்பு நீச்சலில் இந்தியாவின் சார்பில் ஆரத்தி கலந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது பதினொன்று! பதக்கம் கிட்டவில்லை; எனினும் அச்சிறுமி நீச்சலைக் கைவிடவில்லை.

1958ஆம் ஆண்டு பிரஜன் தாஸ் என்னும் வங்க வீரர், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியர் என்னும் புகழ் பெற்றார். அச்செய்தி ஆரத்தியின் உள்ளத்தில் கனலை மூட்டியது. பிரான்சையும் இங்கிலாந்தையும் பிரிக்கும் அக்கடலின் மிகக் குறுகிய பகுதியே 21 மைல் அகலமுடையது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை உள்ள தொலைவுக்கு அது ஏறத்தாழ ஈடாகும். அங்கே நீர் மிகவும் குளிர்ந்திருக்கும். ஏறக்குறைய ஆறு மணிக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். ஆதலால் நேராக நீந்திக் கரை சேர்வது அரிது.

1959ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆரத்தி முதன்முறை முயன்றார். வழிகாட்டும் படகு காலந்தாழ்ந்து வந்தமையால் அவர் நீரில் இறங்குவதும் தாமதமாயிற்று. இங்கிலாந்துக் கரைக்கு ஏறத்தாழ 5 மைல் இருக்கையில் எதிர்நீரோட்டம் அவரைத் தடுத்தது. கரையை எட்டாமலே அவர் படகில் ஏற நேர்ந்தது. அத்துணை அருகில் வந்து தோற்ற எவருக்கும் மனம் உடைந்திருக்கும். ஆரத்தியோ ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி மீண்டும் பயிற்சியில் ஈடுபட்டார்.

செப்டம்பர் 29ஆம் நாள் பிரான்சின் கிரீ நே முனையில் மீண்டும் கடலில் இறங்கினார். நீரோட்டத்தால் அலைக்கழிக்கப்பட்டு 42 மைல் நீந்தினார். 16 மணி 20 நிமிடங்களுக்குப்பின் இங்கிலாந்துக் கரையில் ஏறி இந்தியக் கொடியை உயர்த்தினார். ஆங்கிலக் கால்வாயை வென்ற முதல் ஆசியப் பெண்மணி அவரே.

1960ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. விளையாட்டுத் துறையில் அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரேயாவார். தம் கால்வாய் முயற்சிக்குத் துணைநின்ற மருத்துவர் அருண் குப்தாவை மணந்து, இரயில்வேயில் பணியாற்றி, ஒரு மகளையும் வளர்த்தார். 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நோயுற்று மறைந்தார். 1999இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

பெற்றோரே! தாயற்ற ஒரு பெண் குழந்தையை நீச்சல் கழகத்தில் சேர்க்கத் தந்தை ஒருவர் முன்வராதிருந்தால், இவ்வரலாறு தோன்றியே இராது. உங்கள் பெண் மக்களும் படிக்கட்டும். திடலில் ஓடி ஆடட்டும். வீட்டு வேலையைக் காட்டி அவர்களைத் தடுத்துவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! துணையின்றி ஆற்றிலோ ஈயக் குட்டையிலோ இறங்குதல் பேராபத்து. தக்க பயிற்சியாளரிடமே நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். தேர்வாயினும் போட்டியாயினும் ஒருமுறை தோற்றால் ஆரத்தியை நினைவில் கொள்ளுங்கள். முதல் தோல்விக்கும் அவர் பெற்ற வெற்றிக்கும் இடையே இருந்தது ஒரே ஒரு மாதப் பயிற்சிதான். நீங்களும் மீண்டும் முயலுங்கள், வெற்றி உங்களுடையதே.