ஸர் சார்லஸ் பெல்

மூளையினின்று புறப்பட்டுக் கபாலத்தின் துவாரங்கள் வழியே வெளிவரும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி என்று 1778-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய ஸெம்மெரிங் வகுத்துரைத்தார். ஆயினும் அவற்றுட் பலவற்றின் தொழில் யாதென்பது நெடுநாள் விளங்காதிருந்தது. முகத்திற் பரவும் இரு நரம்புகளின் தொழிலைப் பிரித்தறிய முற்பட்ட ஒருவரது சரிதையை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

சார்லஸ் பெல் 1774-இல் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் ஒரு குருவானவரின் புதல்வராய்ப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த இவருக்குத் தாயாரே முதலாசிரியர். பேர்பெற்ற சத்திர வைத்தியரான தமையனார் ஜான் பெல்லிடம் உடற்கூற்று நூலைக் கற்றார். சித்திரம் வரைவதிலும் கைதேர்ந்தவர். 1804-இல் லண்டன் சென்று, முகபாவங்களின் உடற்கூற்றை ஓவியர்க்கு விளக்கும் நூலொன்றை 1806-இல் வெளியிட்டார். முகத்தை இத்துணைக் கூர்ந்து நோக்கியவர் பின்னர் முகநரம்பை ஆராயப் புகுந்தது வியப்பன்று. 1815-இல் வாட்டர்லூ யுத்தம் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸுக்கு விரைந்து சென்று, காயம்பட்டோர்க்குச் சிகிச்சை செய்ததோடு அவர்தம் புண்களைச் சித்திரமாகவும் தீட்டினார்.

அக்காலத்தில் முகத்தில் மின்னலெனப் பாயும் கொடுநோவுக்குச் சிலர் ஏழாவது நரம்பை அறுத்து வந்தனர். நோவு தணியவில்லை, முகமோ ஒரு புறம் செயலற்றுக் கோணியது. நோயாளிக்கு இதனினும் கொடுமை வேறென்ன? 1821-இல் பெல் ராயல் சொசைட்டியின் முன் வைத்த கட்டுரையில், முகத்தின் உணர்ச்சி ஐந்தாவது நரம்பைச் சார்ந்ததென்றும், ஏழாவதை அறுத்தால் அசைவு கெடுமேயன்றி உணர்ச்சி கெடாதென்றும் காட்டினார். அதனை அறுப்பது வீண் என்பது இதனாற் புலனாயிற்று. முகத்தின் ஒரு பாதி திடீரெனத் தளர்ந்து, கண்ணை மூடவும் இயலாதபடி செய்யும் வாதம் இன்றும் இவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆயினும் ஏழாவது நரம்பைச் சுவாசத்தோடு பிணைத்து இவர் கொண்ட கொள்கை நிலைபெறவில்லை.

இவர் புகழில் ஒரு மாசும் உண்டு. முதுகுத்தண்டு நரம்புகளின் முன்வேர் அசைவுக்கும் பின்வேர் உணர்ச்சிக்கும் உரியன என்பதை 1822-இல் பிரெஞ்சு அறிஞர் மஜாந்தி தெளிவாக நிறுவினார். பெல் 1811-இல் தனியே அச்சிட்ட சிறு நூலில் முன்வேரைத் தொட்டபோது தசைகள் துடித்ததைக் கூறியிருந்தாரேயன்றிப் பின்வேரின் தொழிலைக் கூறினாரில்லை. எனினும் கண்டுபிடிப்பு முழுதும் தமதே என வாதாடினார். 1824-இல் தம் பழைய கட்டுரைகளை மறுபடி வெளியிட்டபோது சில சொற்களை மாற்றியும் விட்டார். பிராணிகளை வதைத்து ஆராய்வதில் இவர்க்கிருந்த அருவருப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் இவ்விஷயத்தில் நியாயம் மஜாந்தியின் பக்கமே என்பது எமது துணிபு.

1831-இல் ஸர் பட்டம் பெற்றார். 1836-இல் சத்திர வைத்தியப் பேராசிரியராகப் பிறந்த நகருக்கே மீண்டு, 1842 ஏப்ரலில் வூஸ்டர் நகருக்கு அருகே ஹாலோ என்னும் சிற்றூரில் காலமானார்.