அடிமைச் சந்தையை மூடுவித்த அடிகளார்

கி. பி. 1066 இல் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அந்நாட்டுத் திருச்சபையின் உயர்பீடங்கள் ஒவ்வொன்றாகப் பிறநாட்டார் கைக்கு மாறின. பத்தாண்டுகள் கழியுமுன், ஆங்கிலேயராய்ப் பிறந்த மேற்றிராணியார் ஒருவரே எஞ்சினார். அவரே வூஸ்ரர் நகரத்து வுல்ஸ்தன்.

1008 ஆம் ஆண்டளவிற் பிறந்த இவர், ஈவ்ஷாம், பீற்றர்பரோ மடங்களிற் கல்வி பயின்று, வூஸ்ரர் மடத்திலே துறவு பூண்டார். புலாலுணவை இவர் விட்ட கதை சுவையானது. வழிபாட்டின்போது வாத்து இறைச்சி வேகும் மணம் வந்து மனத்தைக் கலைக்க, அன்றே அதனை வெறுத்தொதுக்கினாராம். பெருந்துறவுகளும் சிலவேளை இத்தகைய சிறு நாணத்திலேதான் தொடங்குகின்றன போலும்! 1062 இல் மேற்றிராணியாரானார்.

புதிய அரசனுக்கு இவர் பணிந்தே நடந்தார். 1075 இலும் 1088 இலும் கிளர்ச்சிகள் எழுந்தபோது அரசின் பக்கமே நின்றார். இதனைக் கோழைமை என்பார் என்க; அவ்வாறு காத்துக்கொண்ட பீடத்திலிருந்து அவர் செய்ததென்ன என்பதையன்றோ நாம் நோக்கவேண்டும்?

அக்காலத்திலே பிரிஸ்ரல் துறைமுக வணிகர் இங்கிலாந்தெங்கும் மனிதரை விலைக்கு வாங்கி, அயர்லாந்திலே இலாபத்துக்கு விற்றனர். இளைஞரும் இளமகளிரும் கயிற்றாற் பிணிக்கப்பட்டு வரிசை வரிசையாய்ச் சந்தையில் நின்றனர். தெய்வத்துக்கும் அஞ்சாது, அரசனுக்கும் அஞ்சாது, தலைமுறை தலைமுறையாக நடந்த வாணிகம் அது. வுல்ஸ்தன் அங்கே சென்றார். ஒருமுறை கண்டித்துவிட்டு மீண்டாரல்லர். இரண்டு மூன்று திங்கள் அப்பகுதியிலேயே தங்கி, ஞாயிறுதோறும் நகருக்கு வந்து, அம்மக்களின் தாய்மொழியிலேயே எடுத்துரைத்தார். நோர்மானியப் பிரபுக்களுக்கு எளிதில் வாயாத காரியம் இது. மெல்ல மெல்ல நகரத்தார் மனம் மாறி அத்தொழிலைக் கைவிட்டனர். விட மறுத்த ஒருவனை அவர்களே கண்களைப் பறித்து ஊரைவிட்டுத் துரத்தினர் என்பது வரலாறு. இரக்கத்தைக் கற்கத் தொடங்கிய ஊர் அதனை முழுதுங் கற்றிருக்கவில்லை. 1102 இல் வெஸ்ற்மின்ஸ்ரரிற் கூடிய திருச்சபை மன்றம் மனிதரை விற்பதை நாடெங்கும் தடைசெய்தது. அதனைக் காண அவர் உயிருடனில்லை.

1084 இல் புதிய பேராலயத்தைத் தொடங்கிய இவர், ஓஸ்வால்ட் அடிகளார் எடுப்பித்த பழைய ஆலயம் இடிபடக்கண்டு அழுதாராம். புதியதன் நிலவறைத் தூண்கள் இன்றும் உள. 1095 தையில் மறைந்த இவர், 1203 இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். உடனுறைந்த கோல்மன் என்னும் துறவி இவர் சரிதத்தை ஆங்கிலத்திலேயே எழுதிவைத்தார். அந்நூல் அழிந்தது, மாம்ஸ்பரி வில்லியம் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பே நமக்கு எஞ்சியுள்ளது.