கேல் சேடர்: ஹிப் ஹாப் ஆல்பத்துக்குள் ஒலிக்கும் இந்த லத்தீன் ஜாஸ் கலைஞர் யார்?

ஈஜோக்கிலிருந்து புக்கிட் ரோத்தான் வழியாக கோலா சிலாங்கூர் போகும் சாலை. ரெண்டு பக்கமும் செம்பனை. காரில் ஓடுவது 1993-இல் வெளிவந்த 'மிட்நைட் மரோடர்ஸ்', எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் ஆல்பம். தொடக்கத்தில் ஒரு பெண் குரல் நம்மை வரவேற்கும். அந்தக் குரலுக்கு அடியில் மிதக்கும் மெல்லிய இசையைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

அது கேல் சேடர் வாசித்த 'அக்வேரியஸ்' என்ற இசையின் ஒரு துண்டு. ஆல்பம் வந்தபோது அவர் இறந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

யார் இந்த சேடர்?

1925 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். ஸ்வீடன் வம்சாவளிக் குடும்பம். அப்பா டேப் நடனக் கலைஞர், அம்மா பியானோ வாசிப்பவர். கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோவில் பெற்றோர் நடத்திய நடனப் பள்ளியில்தான் வளர்ந்தார். அதனால் தாளம் அவருக்கு முதலில் காலில் வந்தது, பிறகுதான் கைக்கு.

இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு, டேவ் புரூபெக்கின் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பக்கத்திலேயே வைப்ராஃபோனையும் பழகிக்கொண்டார். வரிசையாக அடுக்கிய உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டும் வாத்தியம் அது. அடியில் குழாய்கள், அவற்றின் வாயில் மோட்டாரால் சுழலும் சின்னத் தட்டுகள். அந்தச் சுழற்சிதான் ஒலியை நடுங்க வைக்கிறது.

அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

கதையின் முக்கியமான இடம் இதுதான். 1953-இல் ஜார்ஜ் ஷியரிங் குழுவில் சேர்ந்தபோது, அங்கே பேஸ் வாசித்தவர் அல் மெக்கிபன் என்ற கறுப்பினக் கலைஞர். கியூபாவின் காங்கா மேதை சானோ போஸோவுடன் டிஸ்ஸி கில்லஸ்பியின் குழுவில் வாசித்த அனுபவம் அவருக்கு இருந்தது. போஸோ 1948-இல் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரிடமிருந்து மெக்கிபன் எடுத்துக்கொண்ட தாளம்தான் சேடரிடம் வந்து சேர்ந்தது. டிட்டோ புவென்டே, மச்சிட்டோ போன்றவர்களின் இசையை நியூயார்க்கில் சேடருக்கு அறிமுகப்படுத்தியதும் மெக்கிபன்தான்.

வட சிலாங்கூர் தோட்டங்களில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. புத்தகம் கிடையாது. திருவிழாவில் பெரியவர் பக்கத்தில் நின்று, கையைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொள்வதுதான்.

அப்படியானால் அவர் மற்றவர்களின் இசையை எடுத்துக்கொண்டாரா? ஆமாம், எடுத்தார். அவரது மிகப் பெரிய வெற்றியான 'சோல் சாஸ்' போஸோவும் கில்லஸ்பியும் உருவாக்கிய 'குவாராச்சி குவாரோ'தான். 1954-இல் ஒருமுறை பதிவு செய்தார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பத்து ஆண்டு கழித்து மறுபடி வாசித்தபோதுதான் அது ஹிட்.

ஆனால் அவர் எடுத்ததோடு நிற்கவில்லை. 1958-இல் மோங்கோ சான்டமரியா, வில்லி போபோ இருவரையும் தன் குழுவில் சேர்த்து முன்வரிசையில் வைத்தார். மோங்கோவின் 'ஆஃப்ரோ ப்ளூ' முதன்முதலில் பதிவானது இந்தக் குழுவோடுதான். பின்னர் அதை ஜான் கோல்ட்ரேன் வாசித்து உலகறியச் செய்தார். கணக்கு நேராகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வெள்ளையரின் பெயர் போஸோவின் பெயரைவிடச் சுலபமாக ரேடியோவுக்குப் போனது என்பதும் உண்மை.

ஹிப் ஹாப் எங்கே வந்தது?

சேடரின் வாசிப்பு ரொம்ப மென்மை, லிஃப்டில் ஓடும் மியூசிக் மாதிரி என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்த மென்மைதான் தயாரிப்பாளர்களுக்கு வசதி. அவர் இடம் விட்டு வாசிப்பார். அந்த இடத்தில் ஒரு குரல் வந்து உட்காரலாம்.

பழைய பாட்டின் மேல் புதிய குரல் என்பது நமக்கும் தெரிந்த வித்தைதான். 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டை வைத்து, 2006-இல் யோகி பி & நட்சத்ரா 'மடை திறந்து' பாடவில்லையா?

1980-ஆம் ஆண்டுக்கான கிராமி விருது 'லா ஒண்டா வா பியன்' ஆல்பத்துக்காக சேடருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டுகளிலும் பயணம் நிற்கவில்லை. 1982 மே 5 அன்று, இசைப் பயணத்தில் இருந்தபோது, மணிலாவில் மாரடைப்பால் இறந்தார். வயது 56.

சரியாக ரெண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1-இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' வெளிவந்தது.