ஓட்ட வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ்

பிறப்பைக் காட்டி மனிதனை இழிவுபடுத்தும் கொடுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் அது நிறத்தின் பெயரால் நிலவிற்று. அக்கொடுமையினிடையே உலகப் புகழ் எய்திய ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்னும் கறுப்பின வீரரின் வரலாற்றை நம் தம்ம சகோதரர்கள் அறிதல் நலமெனக் கருதுகிறோம்.

அவர் 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் ஓக்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். ஓவன்ஸுக்கு ஒன்பது வயதானபோது குடும்பம் பிழைப்பை நாடிக் கிளீவ்லாந்து நகரில் குடியேறிற்று. அங்கு, பள்ளிப் பயிற்சியாளரான சார்லஸ் ரைலி என்னும் வெள்ளையர் சிறுவனின் திறனைக் கண்டறிந்தார். மாலையில் சிறுவன் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தமையால், காலையில் பள்ளி தொடங்குமுன் பயிற்சியளித்தார்.

ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற்காக ஓடிய அவருக்கு, அதன் மாணவர் விடுதியில் இடமில்லை. எனினும் 1935 மே 25-இல் ஆன் ஆர்பர் நகரில் ஒரு மணி நேரத்திற்குள் மூன்று உலகச் சாதனைகளை முறியடித்து, மற்றொன்றைச் சமன் செய்தார். அன்று அவர் தாண்டிய 8.13 மீட்டர் நீளம் 25 ஆண்டுகள் வரை வெல்லப்படாதிருந்தது.

1936-இல் ஆரிய இனமே உயர்ந்ததென ஹிட்லர் ஆட்சி முழங்கிய பெர்லினில், 100 மீட்டர், 200 மீட்டர், நீளத் தாண்டல், தொடரோட்டம் ஆகிய நான்கிலும் தங்கம் வென்றார். நீளத் தாண்டலில் தோற்ற ஜெர்மானியர் லுட்ஸ் லாங், அனைவரும் காண அவரை வாழ்த்தி நட்புக் கொண்டார்.

ஹிட்லரின் வெறுப்பை உலகம் பேசிற்று. தாய்நாடு செய்ததென்ன? குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு வாழ்த்தும் அனுப்பவில்லை. நியூயார்க்கில் அவருக்கென நடந்த விருந்துக்கே, சரக்கு ஏற்றும் லிப்டில் அவர் செல்ல நேர்ந்தது. பின்னர் வயிற்றுப் பிழைப்புக்காகக் குதிரைகளோடு போட்டியிட்டு ஓடினார். 1955-இல் அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதராக நம் இந்தியாவுக்கும் வந்தார். 1976-இல்தான் அவர் நாட்டின் உயர்ந்த விருது அவருக்குக் கிட்டிற்று. 1980 மார்ச் 31-இல் மறைந்தார்.

திறமையைக் காட்டினால் மதிப்புத் தானே வருமென நம் இளைஞருக்குப் பலர் கூறுவதுண்டு. நான்கு தங்கம் வென்றவருக்கே முன்வாயில் திறக்கவில்லை. அவர் கால்களைப் போற்றியவர்கள் அவரை மனிதராக ஏற்கவில்லை. குப்பை கூட்டிய சுனிதரைச் சங்கத்தில் சேர்த்த புத்த பகவானோ, அவரிடம் எவ்வெற்றியையும் விலையாகக் கேட்கவில்லை. மனித மதிப்பு பரிசன்று, பிறப்புரிமை. நம் பிள்ளைகள் ஓடட்டும், வெல்லட்டும். வெல்லாத பிள்ளைக்கும் அதே மதிப்பு உண்டென்பதை நாம் மறவாதிருப்போமாக.