திருக்கோவிலூருக்கு வந்த கணித மேதை

கணித மேதை சீனிவாச ராமானுஜன் நம்ம செஞ்சிக்குப் பக்கத்துல இருக்கிற திருக்கோவிலூருக்கு வேலை கேட்டு வந்தார் என்பது தெரியுமா? எனக்கே ஆச்சரியமாகிவிட்டது.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதினார். பள்ளியில் ஒருநாள் ஆசிரியர், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்றாராம். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று ராமானுஜன் கேட்டாராம். எவ்வளவு நல்ல கேள்வி! பூஜ்ஜியத்தை 1-ஆல் பெருக்கினாலும் 0, 5-ஆல் பெருக்கினாலும் 0. அப்போ எதை விடை என்பது? அதனால்தான் பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது.

அசமன்பாட்டில் வகுக்கும்போது இன்னும் கவனம் வேணும். 6 < 8 என்பதை 2-ஆல் வகுத்தால் 3 < 4, குறி மாறாது. −2-ஆல் வகுத்தால் −3 > −4, குறி திரும்பிவிடும். நாலு ரூபாய் கடன்காரரைவிட மூணு ரூபாய் கடன்காரர் தேவலைதானே! எக்ஸால் வகுக்கணும்னா, அது பூஜ்ஜியமா, மிகையா, குறையான்னு முதல்ல பார்க்கணும்.

ராமானுஜன் கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தோற்றார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது, வேலைதான் இல்லை.

1910-ல் நோட்டுகளை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் வந்தார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர்தான் 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் பார்த்த ஐயர் வேலை கொடுக்கவில்லை! இப்படிப்பட்டவரை ஆபீசில் முடக்கக் கூடாது என்று, சென்னைக்கு சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு.

1912-ல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளம். 1913-ல் ஹார்டிக்குக் கடிதம், 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல்.

1915-ல் வெளியான அவருடைய கட்டுரை வகுத்தலைப் பற்றியதுதான். தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ள எண்கள் எவை? 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் ஆறு கிடையாது. அடுத்தது 24, எட்டு காரணிகள். போட்டுப் பாருங்களேன்! எஃப்.ஏ. தேறாத அவருக்கு இந்தக் கட்டுரைக்காக 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது.

1919-ல் நோயோடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் இறந்தார். வயது 32தான். கடைசி வருஷமும் படுத்துக்கொண்டே கணக்கு எழுதினார். அந்தத் தாள்கள் 1976-ல்தான் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டன.